கோழிக்குஞ்சின் காது

தொண்ணூறுகளின் நடுவில் நான் எப்போதும் களைப்பாக இருந்தேன். நோய் நொடி ஒன்றுமில்லை. கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மாமனார், கணவர், படிக்கிற இரண்டு பெண்கள். இது போதாதென்று பள்ளி ஆசிரியர்களுக்குப் புதிய அறிவியலைச் சொல்கிற வேலையையும் இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் யாரையும் திட்டவும் வழியில்லாமல் போயிற்று.

வேலை இதுதான். அறிவியல் ஆசிரியர்களுக்கென்று ஊரில் ஒரு சின்னச் சங்கம் இருந்தது. அது மாதம் ஒரு மெலிந்த பத்திரிகை போட்டது. பாடப்புத்தகத்தில் இருப்பதெல்லாம் பழசு, உலகத்தில் இப்போது என்ன கண்டுபிடிக்கிறார்கள் என்று ஆசிரியருக்குத் தெரிந்தால் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும், ஆர்வமுள்ள நாலு பேர் வெளியிலும் படிப்பார்கள் என்பது சங்கத்தின் எண்ணம். எண்ணம் நல்ல எண்ணம்தான். அதற்காகச் சனிக்கிழமை மதியங்களில் இரண்டு பஸ் மாறி ஊர்க்கோடியில் இருந்த ஒரு பெரிய நூலகத்துக்குப் போனது நான். வெளிநாட்டு ஆய்விதழ்கள் அங்கே கப்பலில் வந்து சேரும். புத்தம்புதிய ஆராய்ச்சி என்று நாங்கள் போட்டதெல்லாம், இங்கே வந்து சேர்வதற்குள் வெளிநாட்டில் பழைய சோறாகியிருக்கும். அதையும் ஜெராக்ஸ் எடுத்து, வீட்டுக்கு வந்து, இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டே மனசுக்குள் தமிழாக்கி, மறுநாள் எழுத உட்காருவேன்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூட்டம். அந்த மாதக் கட்டுரையை நானே நின்று விளக்க வேண்டும். சூலூர், அன்னூர், கிணத்துக்கடவு என்று பல பக்கமிருந்தும் ஆசிரியர்கள் வருவார்கள். வந்தால் அன்றைக்கு ஓ.டி., அதாவது வேலை நாள் கணக்கு. டீயும் போண்டாவும் உண்டு. போண்டாவுக்கு முன்பு தூங்குகிறவர்கள் ஒரு வகை, போண்டாவுக்குப் பிறகு தூங்குகிறவர்கள் இன்னொரு வகை. முடிந்ததும் "புரிஞ்சுதுங்களா?" என்று கேட்பேன். "ரொம்ப நல்லா புரிஞ்சுதுங்க" என்பார்கள். சந்தேகம் என்று ஒருவர் வாய் திறக்கமாட்டார். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. எதிரில் நிற்கிறவர் சொல்வது விளங்கவில்லை என்று சொன்னால் அவர் மனசு நோகும், எதற்கு அந்தப் பாவம் என்று நினைப்பார்கள். ஒருமுறை கடுப்பில், தவளைக்கு நுரையீரலே கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். "ஆமாங்க" என்றார்கள். மறுபடி நானே திருத்திச் சொன்னேன். அதற்கும் "ஆமாங்க."

சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தங்கமான மனிதர். அச்சகத்துக்கும் வீட்டுக்கும் சைக்கிளிலேயே அலைந்து பத்திரிகையைக் கொண்டுவருவார். அவரிடம் எனக்கு ஒரே ஒரு தகராறு. எந்தக் கட்டுரையும் நல்ல வார்த்தையில்தான் முடியவேண்டும் என்பது அவர் கொள்கை. கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, கருந்துளையானாலும் சரி, கடைசி வரி மங்களமாக இருக்க வேண்டும். நட்சத்திரங்கள் எரிந்து தீர்வதைப் பற்றி எழுதி, நம்முடைய சூரியனும் ஒருநாள் அணைந்துபோகும் என்று முடித்திருந்தேன். அச்சில் பார்த்தால், "ஆயினும் நம் கதிரவன் பல்லாண்டு ஒளி வீசுவான்!" என்று ஒரு வரி கூடுதலாக நிற்கிறது. உலகெங்கும் தவளைகள் குறைந்துவருவதைப் பற்றி எழுதினேன். கடைசியில் "வாழ்க தவளையினம்!" என்று போட்டிருந்தார்.

சண்டை பிடிக்கப் போனால் அவர் சிரித்தபடியே சொல்வார்: "பத்து ஊட்டுல பெரியவங்களும் படிக்கற பேப்பருங்க அம்மணி. கடைசி வரி 'இல்லை'ன்னு முடிஞ்சா எழவுச் சேதியாட்ட இருக்குமுங்க. நான் உங்க விஷயத்துல கையே வெக்கிலீங்களே. வாலை மட்டுந்தான தடவிப்போட்டேன்."

முதலில் கத்தினேன், பிறகு முணுமுணுத்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். பத்து பாராவை ஒழுங்காக அச்சிடுகிறாரே, ஒரு வரி போகட்டும் என்று நினைத்தேன். களைத்தவளுக்கு விட்டுக்கொடுப்பது ஓய்வு மாதிரிதான்.

காதைப் பற்றி எழுதிய கட்டுரையும் அந்த விட்டுக்கொடுத்த காலத்தில் வந்ததுதான். உள்காதில் மயிர் போல நுனி கொண்ட செல்கள் உண்டு. அவைதான் ஓசையை வாங்கி மூளைக்கு அனுப்புகின்றன. ஓயாத பேரிரைச்சல், சோளக்காட்டில் மாடு புகுந்து மிதிப்பது போல, அவற்றைச் சாய்த்துக் கொன்றுவிடும். மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. ஆனால் கோழிக்குஞ்சுக்கு முளைக்கின்றன என்று வெளிநாட்டில் கண்டுபிடித்திருந்தார்கள். இரைச்சலில் செவிடாக்கிய குஞ்சுகளுக்குச் சில வாரங்களில் புதுச் செல்கள் வளர்ந்திருந்தன. எனக்கே அது படிக்கும்போது புல்லரித்தது. மில்லும் தறியும் ஃபவுண்டரியும் நிறைந்த ஊருக்கு இதைவிடத் தேவையான கட்டுரை உண்டா என்று மாங்கு மாங்கென்று எழுதினேன். நம் காதைப் பொறுத்தவரை போனது போனதுதான், ஆகவே பிள்ளைகளின் காதைக் காப்போம் என்று முடித்தேன். செயலாளர் 'போனது போனதுதான்' என்பதை நடுவில் எங்கோ தள்ளிவிட்டு, கோழிக்குஞ்சைக் கடைசிக்குக் கொண்டுவந்து, இப்படி முடித்திருந்தார்: "கோழிக்குஞ்சுக்குக் கிட்டிய இவ்வரம் மனித குலத்துக்கும் வெகு விரைவில் கிட்டும்!"

பார்த்தேன். பெருமூச்சு விட்டேன். அடுத்த மாதக் கட்டுரைக்குப் போய்விட்டேன்.

அந்தக் கூட்டங்களுக்குச் சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு டீச்சர் வருவார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். எப்போதும் முதல் வரிசை, எனக்கு நேர் எதிர் நாற்காலி. நான் பேச ஆரம்பித்தால் கண்ணை எடுக்காமல் முகத்தையே பார்ப்பார். குறிப்பு எடுக்கமாட்டார், தூங்கமாட்டார், பக்கத்தில் இருப்பவரிடம் பேசமாட்டார். முடிந்ததும் பத்திரிகையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். அத்தனை பேரும் தூங்கினாலும் இந்த ஒருவருக்காகப் பேசலாம் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்ட சனிக்கிழமைகள் உண்டு.

காதுக் கட்டுரை வந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் அவர் கல்லூரிக்கே என்னைத் தேடி வந்துவிட்டார். ஆசிரியர் அறையில் எல்லோரும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். உள்ளே வந்ததும் கையிலிருந்த பழைய பத்திரிகையை என் மேசையில் விரித்தார். அந்தக் கடைசி வரிக்கு அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"ஏனுங் மேடம், கோழிக்கு வந்தாப்பல நமக்கு எப்பங்க வரும்?"

அறையே திரும்பிப் பார்க்கும் சத்தம். ஒருத்தி சிரிப்பை அடக்கப் பேனாவைக் கடித்தாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. தணிந்த குரலில், "அது இன்னும் ஆராய்ச்சியிலதானுங்க இருக்குது. மனுசனுக்குங்கறது சாமானியத்துல இல்லீங்க" என்றேன்.

"செரிங்க, செரிங்க" என்று பலமாகத் தலையாட்டினார். பிறகு அதே சத்தத்தில், "ஒரு வருசமாகுமுங்களா, ரெண்டு வருசமாகுமுங்களா?" என்றார்.

இப்போதுதானே சொன்னேன் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மறுபடி சொன்னேன். மறுபடியும் "செரிங்க." மறுபடியும் அதே கேள்வி. என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார். குனிந்து, ரகசியம் என்று அவர் நினைத்த, ஆனால் அறை முழுவதும் கேட்ட குரலில் சொன்னார்:

"எனக்குத்தானுங்க கேக்கறேன். எச்செம் புரமோசன் வந்திருக்குதுங்க. போறதா, தள்ளிப்போடறதான்னு முடிவு பண்ணோணும். போன வாட்டி வேண்டாமுன்னு எழுதிக் குடுத்துட்டேனுங்க. இந்த வாட்டியும் எழுதிக் குடுத்தா, அதுக்கப்பறம் ரிட்டையர்மென்ட்டுதானுங்க."

எனக்கு எதுவும் சரியாகப் பிடிபடவில்லை. தலைமையாசிரியர் ஆவதற்கும் கோழிக்குஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? கேட்க வாயெடுத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கையமர்த்தினார்.

"இங்க பேச முடியாதுங்க. நீங்க ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாங்க. ஞாயித்துக்கிழம மட்டும் வேண்டாமுங்க, அன்னைக்குத் தறி ஓடாது. வேல நாளாப் பாத்து வாங்க."

தறி ஓடாத நாள்தானே நிம்மதியாகப் பேச வசதி என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. எழுதியது நான், கேட்க வந்திருப்பவர் என் கட்டுரையை வைத்துக்கொண்டு கேட்கிறார், போய்த்தான் ஆகவேண்டும் என்று பட்டது. இன்னொரு பஸ், இன்னொரு நாள் என்ற அலுப்பும் கூடவே வந்தது, அதை மறைப்பானேன்.

மே மாத வெயிலில் காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். சோமனூர் தாண்டி இறங்கும்போதே நிலத்துக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு அதிர்வு காலில் ஏறியது. ஊருக்குள் நடக்க நடக்க அது சத்தமாயிற்று. வீட்டுக்கு வீடு தறிக்கொட்டகை. கொட்டகைக்குக் கொட்டகை தடதடவென்று இரும்பும் மரமும் மோதுகிற இரைச்சல். தெருவில் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. அவர்களுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஒருவர் வாயை ஒருவர் பார்த்து, விரலை மடக்கி, புருவத்தைத் தூக்கி, சாவகாசமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். வீட்டை ஒட்டியே அவர் கணவரின் தறிக்கொட்டகை. அவர் உள்ளிருந்தபடியே எனக்கு ஒரு கும்பிடு போட்டார். டீச்சர் அவரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டி ஏதோ சொல்ல, அவர் தலையாட்ட, சற்று நேரத்தில் எதிர்க் கடையிலிருந்து எனக்குக் கலர் சோடா வந்தது. அந்த ஊரில் டீச்சர் வேறு ஆளாக இருந்தார். கூட்டத்தில் பார்த்த அந்த விறைப்பு இல்லை. எதிர்வீட்டு அம்மாள் மொட்டைமாடியில் மிளகாய் உலர்த்தியபடி எதையோ கேட்டாள். இவர் கீழிருந்து பதில் சொன்னார். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான்தான் ஒன்றும் கேட்காமல் முழித்துக்கொண்டிருந்தேன். அந்த ஊருக்கு அன்றைக்கு நான்தான் செவிடு.

உள்ளே கட்டிலில் எதிரெதிராகச் சம்மணமிட்டு உட்கார்ந்தோம். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேச ஆரம்பித்தார். இந்த இரைச்சலுக்கு மேல் எழுந்த அவர் குரல் இங்கே அளவாகவும் இயல்பாகவும் இருந்தது.

"கண்ணாலம் பண்ணி வந்த நாள்ல இருந்து இந்தச் சத்தத்துலதானுங்க குடியிருக்கறேன். மெள்ள மெள்ளப் போயிருச்சுங்க. கோயமுத்தூர்ல டாக்டர்கிட்டப் போனேன். மிசினு மாட்டிக்கச் சொல்லிப்போட்டாரு. நெஞ்சுல ஒரு டப்பி, காதுக்கு ஒயரு. அத மாட்டிட்டு வந்து நின்னா, தறிச் சத்தம் மண்டையப் பொளக்குதுங்க. அதுமில்லாம அத மாட்டிட்டு இஸ்கூலுக்குப் போனா ஊரே பாக்கும். ஆபீசுல தெரிஞ்சா மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிப்போடுவாங்க. கழட்டி வெச்சுட்டேன்."

"வகுப்புல எப்படிங்க சமாளிக்கறீங்க?" என்று கத்தினேன்.

"கத்தோணுமுன்னு இல்லீங்க, சும்மாவே பேசுங்க" என்றார் சிரித்து. "இங்கத்த புள்ளைங்க எல்லாம் மொகத்தப் பாத்துத்தானுங்க பேசும். தறிக்கார ஊட்டுப் புள்ளைங்க. டீச்சருக்குக் காது கேக்குமா கேக்காதான்னு அதுகளுக்குத் தெரியவே தெரியாதுங்க. கூட வேல செய்யறவங்களுக்கும் தெரியாது."

பிறகு உத்தரவைக் காட்டினார். பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம், தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஒரு பள்ளிக்கூடம். போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தார்.

"இலை விழுந்தாக் கேக்குமாட்ட இருக்குதுங்க அந்த ஊரு. புள்ளைங்க குனிஞ்ச தல நிமிராமப் பேசுதுங்க. மரியாதைக்காரப் புள்ளைங்க. எனக்குக் காது கேக்காதுன்னு மொத நாளே தெரிஞ்சுபோகுமுங்க. அதுதான் உங்களக் கேக்கறேன். இன்னொரு வருசத்துல இதுக்கு மருந்து வந்துருமுன்னா இப்ப சேந்துக்கிட்டு மெடிக்கல் லீவு போட்டு எப்படியாச்சும் இழுத்துப் புடிச்சுக்குவேன். போன வாட்டி ஆர்டர் வந்தப்ப, உங்க கட்டுரையும் அதே மாசந்தானுங்க வந்துச்சு. காதச் சரி பண்ணிக்கிட்டு, அப்பறமேல் எச்செம்மா நிமுந்து போவோமுன்னுதானுங்க எழுதிக் குடுத்தேன். அதுக்கப்பறம் நீங்க போடற ஒவ்வொரு பேப்பரையும் பாத்துட்டே இருக்கறேன், கோழி விசயம் மறுபடி வருதான்னு."

மாதா மாதம் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தது இதற்காகத்தான். உத்தரவைத் திருப்பி அவர் மடியில் வைத்தபோது சட்டென்று உலகமே நின்றது போல ஆயிற்று.

தறிகள் நின்றுவிட்டன. அந்தப் பக்கத்தில் அடிக்கடி நடப்பதுதான். மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஒன்று போய்விட்டால் மோட்டார் ஓடாது, ஆனால் வீட்டு விளக்கும் விசிறியும் ஓடிக்கொண்டிருக்கும். ஊர் முழுக்க ஒரே நொடியில் அடங்கிப் போயிற்று. எங்கோ ஒரு ஆட்டுக்குட்டி கத்தியது. தெருவில் யாரோ இருமினார்கள். கொட்டகையிலிருந்து அவர் கணவர் வெளியே வந்து பீடி பற்றவைத்தது, தீக்குச்சி உரசியது உட்பட, எனக்குக் கேட்டது.

டீச்சர் நிறுத்தவில்லை. தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் முதுகு வாசலைப் பார்த்து இருந்தது. தறி நின்றது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாதுங்க! உங்ககிட்டத்தான் மொத மொதல்ல சொல்றேன்!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

கொஞ்சம்தான் மந்தம் என்று நான் நினைத்திருந்தது எவ்வளவு தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. மாடியில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். டீச்சரின் கணவர் என்னைப் பார்த்தார். பீடியைக் கீழே போட்டுவிட்டு மறுபடி கொட்டகைக்குள் போய்விட்டார். அவருக்கு ரொம்ப நாளாகத் தெரியும் என்று எனக்குப் பட்டது.

"சொல்லுங் மேடம். எத்தன வருசமாகுமுங்க?"

நான் வாயைத் திறந்தால் அது அந்தத் தெருவுக்கே கேட்கும். நிறுத்தச் சொல்லவும் முடியாது, தறி நின்றுவிட்டது என்று சொல்லவும் மனசு வரவில்லை. அதைச் சொன்னால் இதுவரை பேசியதையெல்லாம் யார் யார் கேட்டிருப்பார்கள் என்று அவர் வாழ்நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருப்பார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தேன்.

"வராதுங்க. கோழிக்கு மட்டுந்தான். நம்ம காலத்துல வராதுங்க."

அத்தனை வருடம் கூட்டத்தில் கத்திக் கத்தி நான் சொன்ன எதுவும் யாருக்கும் இவ்வளவு சுத்தமாகப் போய்ச் சேர்ந்ததில்லை. அவர் கண் என் உதட்டிலிருந்து இறங்கி, மடியில் கிடந்த உத்தரவுக்குப் போயிற்று. எனக்குச் செயலாளர் மேல் ஆத்திரம் வந்தது. அந்த ஆச்சரியக்குறி மேல் வந்தது. களைப்பென்று சொல்லி அதை அப்படியே போகவிட்ட என் மேலும் வந்தது. வந்து என்ன செய்ய?

"மிசினு போட்டுக்குங்க. தோப்புப் பக்கம் இரைச்சல் இல்லாததால நல்லாக் கேக்குமுங்க" என்று உதட்டாலேயே சொன்னேன். அது உண்மைதான். ஆனால் எனக்கே அது கடைசியில் ஒட்டுப்போட்ட வரியாகத்தான் பட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. உத்தரவை நாலாக மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"அப்ப மொத வாட்டியே போயிருக்கலாமுங்களே" என்றார், தறிகளுக்கு மேல் பேசுகிற அதே குரலில். மாடியிலிருந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அது பல்லடத்துக்குப் பக்கமுங்க. அந்தப் பள்ளிக்கூடத்தச் சுத்தி நாலு பக்கமும் தறிதானுங்க."